கிட்டிலிருந்து முதல் பறப்பு வரை

கிட் பெட்டியைத் திறந்ததும் புதியவர் கை முதலில் போவது ஸ்டிக்கர் தாளுக்கு. போக வேண்டியதோ குறிப்பேட்டுக்கு. வரைபடத்தைத் தரையில் விரித்து, ஒவ்வொரு துண்டையும் அதன் எண்ணோடு ஒப்பிட்டு அடுக்கி, குறிப்பேட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை வாசித்த பிறகுதான் பசையைத் திறக்க வேண்டும். எட்டாம் படியில் நுழைக்கப்போகும் கம்பிக்கு நான்காம் படியிலேயே துளை போட்டிருக்க வேண்டும் என்பது, உடற்பகுதியை ஒட்டி மூடிய பிறகு தெரியவந்தால் கத்தியால் கிழிப்பதைத் தவிர வழியில்லை.

முதல் ரேடியோ கட்டுப்பாட்டு விமானத்தைத் தரையில் குத்தவிட்டவர்கள் காற்றைத் திட்டுவார்கள், ரிமோட்டைத் திட்டுவார்கள். உடைந்த துண்டுகளைப் பொறுக்கிப் பார்த்தால், கோளாறு பெரும்பாலும் வீட்டு மேசையிலிருந்தே கிளம்பி வந்திருக்கும்: முறுக்கிக்கொண்ட இறக்கை, கனத்த வால், எதிர்த்திசையில் அசையும் சர்வோ (வால், இறக்கை மடல்களை அசைக்கும் சிறு மோட்டார்). மூன்றையும் விமானம் கிளம்பும் முன்பே கண்டுபிடித்துவிடலாம். பறக்கவிடும் வித்தையைவிட இவற்றுக்கு இந்த அத்தியாயம் அதிக இடம் கொடுப்பது அதனால்தான்.

எந்த விமானம்

ஆசை போர் விமானத்தின் மேல் இருக்கும். வாங்க வேண்டியது, பார்க்கச் சாதுவான பயிற்சி விமானம். அதை அடையாளம் காண்பது எளிது. இறக்கை உடலின் மேல்பக்கம் உட்கார்ந்திருக்கும். இறக்கையின் அடிப்பக்கம் ஏறக்குறையத் தட்டையாக இருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் இரு நுனிகளும் சற்றே மேலே தூக்கியிருக்கும். இந்தத் தூக்கல் அழகுக்கு வைத்ததல்ல. ஒரு பக்கம் சாயும்போது விமானம் அந்தப் பக்கமாகச் சறுக்குகிறது. தாழ்ந்த இறக்கை காற்றைக் கூடுதல் கோணத்தில் சந்திக்கிறது. அதில் தூக்குவிசை கூடி விமானம் தானாக நிமிர்கிறது. மைதானத்தில் மூத்தவர்கள், “தம்பி, குச்சியை விடு, அது தானாப் பறக்கும்” என்று கத்துவது இந்த வடிவத்தை நம்பித்தான்.

பால்சா மரக் கிட்டுகளில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தைச் சேர்ந்த சிக் நிறுவனத்தின் கேடட் வரிசை பெயர் பெற்றது. அதில் எல்டி-40 என்ற விமானத்தின் இறக்கை 70 அங்குலம், அதாவது ஆளுயரத்துக்கு நீளம். அவ்வளவு பெரிதா என்று மலைக்க வேண்டாம். எடைக்கு ஏற்ற பெரிய இறக்கை கொண்ட விமானம் மெதுவாகப் பறக்கும், தூரத்திலிருந்தும் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். உள்ளங்கையளவு குட்டி விமானங்கள்தான் புதியவரை அலைக்கழிக்கும்.

ஃபோம் போர்டில் கட்டுவதென்றால் ஃப்ளைட் டெஸ்ட் குழுவின் டைனி டிரெய்னர் நல்ல உதாரணம். ஒரே உடலுக்கு இரண்டு இறக்கைகள். ஒன்று, நுனி தூக்கிய, ஏலரான் (விமானத்தைச் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடல்) இல்லாத இறக்கை. மற்றது ஏலரானோடு வரும் இறக்கை. முதலாவதில் பழகிவிட்டு இரண்டாவதுக்கு மாறலாம். இதன் வரைபடம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது என்பதால், கிட் வாங்காமல் அட்டையை வெட்டிக் கட்டுகிறவர்களும் உண்டு.

முதல் விமானத்துக்கு மூன்று சேனல் போதும்: மோட்டாரின் வேகம், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர், இடம் வலம் திருப்பும் ரட்டர். ரட்டர் சர்வோவை ரிசீவரில் ஏலரானுக்குரிய முதல் சேனலில் செருகிவிட்டால், திருப்பும் வேலை ரிமோட்டின் வலக்கைக் குச்சிக்கு வந்துவிடும். பிறகு ஏலரானுக்கு மாறும்போது கை புதிதாக எதையும் கற்க வேண்டியிருக்காது.

1937-இல் அமெரிக்காவின் கலமசூ நகரில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டையர்கள் ‘கஃப்’ என்ற மாதிரி விமானத்தை வானொலி அலையால் இயக்கிப் பறக்கவிட்டபோது, ரேடியோவில் இருந்தவை வெற்றிடக் குழாய்கள். அந்த விமானம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர்கள் ரேடியோவையும் சேர்த்துக் கட்ட வேண்டியிருந்தது. இன்றைய பழகுநருக்கு ரேடியோ கடைப்பொருள். கட்ட வேண்டியது இறக்கையும் உடலும் மட்டுமே.

பசையும் அட்டையும்

கிட்டில் வந்த பொருள் எது என்று தெரிந்துகொள்ளாமல் பசையைத் தொடக்கூடாது. பால்சாவுக்கு ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசை அருமையாக ஒட்டும். அதே பசையின் ஒரு சொட்டு டெப்ரான் அட்டையிலோ தெர்மாகோலிலோ பட்டால் அந்த இடம் கரைந்து குழியாகிவிடும். ஃபோமுக்கு ஹாட் குளூ, ஃபோமைக் கரைக்காத தனி வகைப் பசை, அல்லது இரண்டு குழாய்களைக் கலந்து பூசும் அரால்டைட் வகை எப்பாக்சி. சந்தேகமிருந்தால் வெட்டி எறிந்த துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ஸ்ப்ரே பெயின்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ராத்திரி அழகாக அடித்த சிவப்பு வண்ணம், விடிவதற்குள் இறக்கையைத் தின்றிருக்கும்.

விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் கிடைக்கும் பிவிசி சன்போர்டு உறுதியாக இருக்கிறதே என்று சிலர் அதில் விமானம் வெட்டுகிறார்கள். அதன் எடைக்குப் பயிற்சி விமானம் எழும்பவே திணறும். தேவை உறுதியல்ல, எடைக்குத் தக்க உறுதி. உறுதி வேண்டிய இடத்தில் மட்டும், இறக்கையின் நடுவே ஒரு கார்பன் குழாயோ மூங்கில் குச்சியோ போதும்.

இந்த அத்தியாயத்தின் கணக்குகளுக்கு ஒரு விமானத்தை மனத்தில் வைத்துக்கொள்ளலாம்: இறக்கை நீளம் 1,200 மில்லிமீட்டர், முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை அகலம் 200 மில்லிமீட்டர், பேட்டரியோடு மொத்த எடை 900 கிராம். இறக்கைப் பரப்பு 24 சதுர டெசிமீட்டர். எடையைப் பரப்பால் வகுத்தால் சதுர டெசிமீட்டருக்கு 37.5 கிராம். இந்த அளவு விமானத்தில் இந்த எண் 40-க்குள் இருந்தால் புதியவருக்கு நல்லது. 60-ஐ நெருங்கினால் விமானம் வேகமாகப் பறந்தால்தான் காற்றில் நிற்கும், வேகமாகத்தான் இறங்கும்.

இதற்குப் பொருந்தும் மின்பொருட்கள் நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கின்றன: 2212 அளவு, 1000 கேவி பிரஷ்லெஸ் மோட்டார், 30 ஆம்பியர் இஎஸ்சி (மோட்டார் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி), 10 அங்குல புரொப்பெல்லர், 9 கிராம் சர்வோ இரண்டு, மூன்று செல் 2,200 எம்ஏஎச் லித்தியம் பாலிமர் பேட்டரி. கேவி என்பது கிலோவோல்ட் அல்ல. சுமையில்லாத நிலையில் ஒரு வோல்ட்டுக்கு மோட்டார் சுற்றும் வேகம் அது. 11.1 வோல்ட் பேட்டரியில் 1000 கேவி மோட்டார் நிமிடத்துக்கு 11,100 சுற்று என்ற கணக்கு. மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் இஎஸ்சியிலிருந்து வரும் மூன்று வயர்களில் ஏதாவது இரண்டை மாற்றிச் செருகினால் போதும். புரொப்பெல்லரில் எழுத்து அச்சிட்ட முகம் முன்னோக்கி இருக்க வேண்டும். அதைத் திருப்பி மாட்டிவிட்டு, இழுவை இல்லையே என்று மோட்டாரை மாற்றியவர்கள் ஏராளம்.

மேசையில் சோதனைகள் முடியும்வரை புரொப்பெல்லர் கழற்றியே இருக்கட்டும். 10 அங்குலத் தகடு விரலைப் பிளக்கும்.

நேராக இருக்கிறதா

பால்சா இறக்கையைக் கட்டும் பலகை வளைந்திருந்தால் இறக்கையும் வளைந்தே பிறக்கும். கிரானைட் சமையல் மேடையோ தடித்த கண்ணாடியோ நல்ல தளம். ஆனால் குண்டூசி குத்த முடியாது என்பதால், அதன்மேல் மென்பலகை ஒன்றைப் போட்டு, வரைபடத்தை விரித்து, பசை ஒட்டாமலிருக்க மேலே மெல்லிய பாலித்தீன் தாளைப் பரப்பிக்கொள்ள வேண்டும். ஃபோம் இறக்கையில் வேறு பிரச்சினை. மடித்து ஒட்டும்போது ஹாட் குளூ ஆறும்வரை இரு கைகளாலும் தளத்தோடு அழுத்திப் பிடிக்காவிட்டால், ஒரு நுனி அரை சென்டிமீட்டர் முறுக்கிக்கொள்ளும். கண்ணுக்குச் சிறிதாகத் தெரியும் அந்த முறுக்கு, வானத்தில் விமானத்தை ஓயாமல் ஒரு பக்கமே சாய்க்கும்.

கட்டி முடித்ததும் ஒரு நூல் போதும். வாலின் நடுப்புள்ளியில் நூலின் ஒரு முனையைக் குண்டூசியால் குத்தி, இழுத்து, இடது இறக்கை நுனியில் பேனாவால் நூலில் குறியிட வேண்டும். அதே நூலை வலது நுனிக்குக் கொண்டுபோனால் குறி அங்கேயும் சரியாக விழ வேண்டும். 3 மில்லிமீட்டர் விலகினால் பரவாயில்லை. 10 மில்லிமீட்டர் விலகினால் இறக்கை கோணலாக உட்கார்ந்திருக்கிறது. பிறகு விமானத்தைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால், கிடைவால் இறக்கைக்கு இணையாக இருக்கிறதா என்பது தெரியும். இந்த இரண்டு சோதனைக்கும் ஐந்து நிமிடம் ஆகாது.

பெரும்பாலான பயிற்சி விமானங்களில் இறக்கையை உடலோடு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுவார்கள். இது சோம்பேறித்தனமல்ல. நுனி தரையில் இடித்தால் இறக்கை நழுவி விலகிக்கொள்ளும்; ஸ்க்ரூ போட்ட இறக்கை உடலைக் கிழித்துக்கொண்டு போகும்.

எடை எங்கே நிற்கிறது

பறப்பவர்கள் சிஜி என்று சொல்லும் ஈர்ப்பு மையம், பயிற்சி விமானத்தில் முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தின் 25 முதல் 30 சதவீதத்தில் இருக்க வேண்டும். மேலே சொன்ன 200 மில்லிமீட்டர் இறக்கையில் அது 50 முதல் 60 மில்லிமீட்டர். கிட் குறிப்பேட்டில் வேறு எண் கொடுத்திருந்தால் அதுவே சரி. இறக்கையின் அடியில் இரு பக்கமும் அந்த இடத்தைப் பேனாவால் குறித்து, பேட்டரியை உள்ளே வைத்து, இரண்டு விரல் நுனிகளால் தாங்கித் தூக்க வேண்டும். விமானம் சமமாக நிற்க வேண்டும், அல்லது மூக்கு இம்மியளவு தாழ வேண்டும்.

வால் தாழ்ந்தால் அன்றைக்குப் பறப்பு கிடையாது. வால் கனத்த விமானம் கையை விட்டதும் மூக்கைத் தூக்கும், வேகம் இழக்கும், குப்புற விழும். எலிவேட்டரைத் தொட்டால் தேவைக்கு மேல் துள்ளும். அனுபவசாலியே தடுமாறும் இடம் அது. மூக்கு சற்றுக் கனத்தால் விமானம் மந்தமாகப் பறக்குமே தவிர, ஓட்டுபவரை மீறாது.

சரிசெய்ய முதல் கருவி பேட்டரி. மூன்று செல் 2,200 பேட்டரி 180 கிராம் அளவுக்கு எடையுள்ளது. அதை இரண்டு சென்டிமீட்டர் முன்னால் தள்ளினாலே பெரிய மாற்றம் தெரியும். அதற்கும் இடமில்லாதபோதுதான் மூக்கில் ஈயம். வாலில் தாராளமாகப் பூசிய பசைக்கு மூக்கில் தண்டம் கட்ட வேண்டியிருக்கும். வால் ஈர்ப்பு மையத்திலிருந்து 60 சென்டிமீட்டரும் மூக்கு 20 சென்டிமீட்டரும் இருந்தால், வாலில் கூடிய ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் மூன்று கிராம்.

எந்தப் பக்கம் அசைகிறது

1947 ஆகஸ்ட் 23-இல் இங்கிலாந்தின் வுட்ஃபோர்டில் ஒரு டியூடர் பயணிகள் விமானம் சோதனைக்காகக் கிளம்பிச் சற்று நேரத்தில் விழுந்து நொறுங்கியது. இறந்தவர்களில் ஒருவர், லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்த ராய் சாட்விக். பராமரிப்பின்போது ஏலரான் கம்பிகளை இடம் மாற்றி இணைத்திருந்தார்கள். பழங்கதை என்று தள்ள முடியாது. 2018 நவம்பரில் போர்ச்சுகலில் பராமரிப்பு முடிந்து கிளம்பிய ஏர் அஸ்தானாவின் எம்பிரேயர் ஜெட் விமானத்திலும் அதே தவறு நடந்தது. விமானிகள் நெடுநேரம் போராடித்தான் அதை பேஜா விமானத்தளத்தில் இறக்கினார்கள்.

பொறியாளர்களும் சோதனை விமானிகளும் தவறவிட்டதை, சர்வோ வயரை முதல்முறை செருகுகிறவர் தவறவிடுவது ஆச்சரியமில்லை. சோதனை இப்படி: விமானத்தின் பின்னால், அது பார்க்கும் திசையையே பார்த்து நிற்க வேண்டும். குச்சியை வலப்பக்கம் தள்ளினால் ரட்டரின் பின்விளிம்பு வலப்பக்கம் திரும்ப வேண்டும். ஏலரான் இருந்தால் வலது ஏலரான் மேலே, இடது கீழே. குச்சியைத் தன்பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். அது வாலைக் கீழே அழுத்தி மூக்கை மேலே தூக்குகிறது. மாறியிருந்தால் வயரைத் தொட வேண்டாம், டிரான்ஸ்மிட்டரில் ரிவர்ஸ் என்ற அமைப்பை மாற்றினால் போதும். வீட்டில் ஒருமுறை பார்த்தது கணக்கில் சேராது. மைதானத்தில் ஒவ்வொரு பறப்புக்கு முன்னும் பார்க்க வேண்டும்.

அசைவின் அளவும் முக்கியம். எலிவேட்டர் மேலும் கீழும் 12 முதல் 15 மில்லிமீட்டர் அசைந்தால் போதும். கம்பியை சர்வோ கையின் உள்துளைக்கும், எலிவேட்டரில் ஒட்டிய கொம்பின் வெளித்துளைக்கும் மாற்றினால் அசைவு குறையும். டிரான்ஸ்மிட்டரில் எக்ஸ்போவை (நடுவில் குச்சியின் அசைவை மென்மையாக்கும் அமைப்பு) 30 சதவீதம் வைத்தால் நடுங்கும் விரலை விமானம் மன்னிக்கும். ஃபெயில்சேஃப் அமைப்பில், சிக்னல் அறுந்தால் மோட்டார் நிற்கும்படி வைத்துவிட வேண்டும். டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பார்த்து அதை உறுதிசெய்துகொள்வது அவசியம்.

எங்கே, எப்போது

இந்தியாவில் இதற்கு 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகள் பொருந்தும். 250 கிராமுக்கு மேல் 2 கிலோவரை மைக்ரோ வகை; நம் 900 கிராம் விமானம் இதில் வரும். வணிக நோக்கமில்லாமல் பறக்கவிட விமானி உரிமம் தேவையில்லை. ஆனால் எங்கு வேண்டுமானாலும் பறக்கவிடலாம் என்று அதற்குப் பொருளல்ல. அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சையாக உள்ள பகுதியில் 400 அடி உயரம்வரைதான் அனுமதி. விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடி. மீனம்பாக்கமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் இருக்கும் சென்னையில் வீட்டுக்குப் பக்கத்து மைதானம் பெரும்பாலும் உதவாது; கோவையில் சூலூரும் தஞ்சையில் விமானப்படைத் தளமும் அப்படியே. பதிவு பற்றிய விதிகளையும் உள்ளூர்க் காவல்துறைத் தடை ஏதும் உண்டா என்பதையும் கிளம்பும் முன் பார்த்துவிட வேண்டும்.

இடம் என்றால் கிரிக்கெட் ஆடாத, மின்கம்பி போகாத, ஆடு மாடு மேயாத பொட்டல். கோடையில் வற்றிய ஏரிப்படுகை மிகப் பொருத்தம். நேரம், சூரியன் எழுந்த முதல் ஒன்றரை மணி. கடலோர ஊர்களில் முற்பகல் கழிந்தால் கடல்காற்று கிளம்பிவிடும். 900 கிராம் விமானத்தை அது பந்தாடும். இலை மட்டும் அசைந்தால் பறக்கவிடலாம், சிறு கிளை அசைந்தால் திரும்பிவிட வேண்டும்.

அதற்கு முன்பே சில வாரம் பிகாசிம் போன்ற இலவச சிமுலேட்டரில் விழுந்து எழுந்திருப்பது புத்திசாலித்தனம். முக்கியமாகப் பழக வேண்டியது ஒன்றே. விமானம் தன்னை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தெரியும். அப்போது தாழ்ந்திருக்கும் இறக்கை எந்தப் பக்கம் தெரிகிறதோ, அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளினால் விமானம் நிமிரும். யோசித்துச் செய்ய நேரமிருக்காது. விரல் தானாகச் செய்ய வேண்டும்.

கையிலிருந்து வானத்துக்கு

முதல் பறப்பில் எறிபவர் வேறு, ஓட்டுபவர் வேறாக இருப்பது நல்லது. காற்று வரும் திசையைப் பார்த்து, மோட்டாரை முக்கால் வேகத்தில் வைத்து, ஈட்டியை விடுவது போல நேராக, மூக்கு தரைக்கு இணையாக எறிய வேண்டும். மேல்நோக்கி எறிவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அப்படி எறிந்தால் வேகம் பிடிக்கும் முன்பே விமானம் நின்றுபோகும்.

100 அடி உயரம் எட்டும்வரை திருப்ப வேண்டாம். பிறகு மோட்டாரைப் பாதிக்குக் குறைத்து, கையை விட்டுப் பார்க்க வேண்டும். இடப்பக்கம் இழுத்தால் குச்சிக்குப் பக்கத்து டிரிம் பொத்தானை வலப்பக்கம் ஓரிரு சொடுக்கு நகர்த்த வேண்டும். திருப்பும்போது சாய்ந்த இறக்கையின் தூக்குவிசையில் ஒரு பங்கு பக்கவாட்டில் போய்விடுவதால் மூக்கு இறங்கும். எலிவேட்டரை லேசாக இழுத்துக்கொள்ள வேண்டும். 150 மீட்டருக்கு அப்பால் போகவிட்டால் விமானம் வருகிறதா போகிறதா என்றே தெரியாது. காலைச் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கட்டும். பருந்து வட்டமிட்டால் அந்த இடத்தை அதற்கே விட்டுவிடுவது மேல்.

பேட்டரியின் கொள்ளளவில் 80 சதவீதம்தான் பயன்படுத்தலாம். சராசரி 10 ஆம்பியர் இழுத்தால் அது பத்து நிமிடத்துக்கு மேல் வரும். முதல் பறப்புகளுக்கு டைமரை ஆறு நிமிடத்தில் வைத்தால், இறங்கும்போது தவறினாலும் மறுபடி ஏறிச் சுற்றிவர மின்சாரம் மிஞ்சும்.

இறக்கம் காற்றை எதிர்த்தே. தூரத்திலேயே மோட்டாரைக் குறைத்து, இறக்கை சமமாக இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு வர வேண்டும். முழங்கால் உயரத்தில் மோட்டாரை முற்றிலும் அணைத்து, எலிவேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தால் விமானம் வயிற்றால் புல்லில் வழுக்கி நிற்கும். காலடியிலேயே இறக்க முயல வேண்டாம். நூறடி நடந்து போய் எடுத்து வருவது உடைந்ததை ஒட்டுவதைவிட எளிது.

உடையத்தான் செய்யும். விழுந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இறக்கையை அல்ல, பேட்டரியை. நசுங்கியிருந்தாலோ உப்பியிருந்தாலோ கழற்றி, வெட்டவெளியில் மணலில் அரைமணி நேரம் வைக்க வேண்டும். காருக்குள் போடவே கூடாது. நன்றாக இருக்கும் பேட்டரியையும் சார்ஜில் போட்டுவிட்டு வெளியே போகக்கூடாது. 2,200 பேட்டரிக்கு 2.2 ஆம்பியர், பேலன்ஸ் சார்ஜர் மட்டுமே. ஃபோம் உடம்புக்கு ஹாட் குளூவும் ஐஸ்கிரீம் குச்சியும் போதும். ஒட்டிய பிறகு சிஜியை மறுபடி அளக்க வேண்டும், ஏனென்றால் பசையும் எடைதான்.

அன்றைக்குப் பறப்பு முடிந்தால் பேட்டரியை செல்லுக்கு 3.8 வோல்ட் அளவுக்குக் கொண்டுவந்து எடுத்து வையுங்கள். முழு சார்ஜில், 4.2 வோல்ட்டில், வாரக்கணக்கில் அலமாரியில் கிடக்கும் பேட்டரி சீக்கிரம் உப்பிவிடும். தொடர்ந்து பத்து முறை எதுவும் உடையாமல், நினைத்த இடத்துக்குப் பக்கத்தில் இறக்க முடிகிற நாளில் ஏலரான் இறக்கையைக் கட்டத் தொடங்கலாம். அதுவரை முதல் இறக்கையே போதும்.